சண்டையைத் திண்ணைக்கு மாற்றுவது

தடுப்பூசி போடுவது என் வேலையில் ஆகச் சிறிய பகுதி. குப்பியைத் திறந்து, அரை மில்லி இழுத்து, தோளுக்குக் கீழே சதையில் குத்தி, ஊசியை வெட்டிப் போட்டு, அரை மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்வதற்குப் பெரிய கைத்திறன் வேண்டாம். கொஞ்ச நாள் பழகினால் வந்துவிடும். கிராம சுகாதாரச் செவிலியரைச் சோதிப்பது அதற்கு முன்னால் வரும் பேச்சுதான். இந்த வீட்டில் வேண்டாம் என்பவர் யார், எதற்குப் பயப்படுகிறார், அவர் வாய் வழியாக வேறு யாராவது பேசுகிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். அது எத்தனை வருஷம் போனாலும் முழுசாகக் கைக்கு வராது.

இந்தப் பேச்சை ஊரார் வீடுகளில் பழகியவள் நான். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, அதையே பிறந்த வீட்டுக் கூடத்தில் செய்ய வேண்டி வந்தது. அங்கே நான் நர்சம்மா இல்லை, அண்ணனுக்குத் தங்கச்சி. ஊரில் நாலு பேர் எழுந்து நாற்காலி போடுகிற சீருடைச் சேலையின் மரியாதை, மன்னார்குடி பக்கத்து அந்த வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை, கொதிப்பு இரண்டும் பல வருஷமாக இருந்தன. கால் வீங்கி, மூச்சு வாங்கி, "உப்பு கூடியிருக்கு" என்று டாக்டர் சொன்னபோது கிரியேட்டினின் எங்கேயோ போயிருந்தது. இடது முழங்கையருகே சிரையையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால், பெல்ட் ஓடும் மாவு மில் சுவரில் கை வைத்த மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் ஆபத்து. அதனால் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, எந்த ஊசியும் போடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அண்ணன் தன்னுடைய ஆம்னி வேனில் கூட்டிப் போவார்.

அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கை சுத்தம், கணக்கு சுத்தம். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அப்பாவைத் தூக்கி வண்டியில் உட்கார வைப்பது, மருத்துவமனையில் நாலு மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பது, திரும்பி வரும்போது பிரஷர் இறங்கித் துவண்டு கிடப்பவரைத் தாங்கி இறக்குவது, எல்லாம் அவர்தான். நான் வேலையிடத்தில், தங்கை சிங்கப்பூரில். இது மனதில் இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தடுப்பூசிச் சண்டைகளில் எதிர்த்து நின்றவரும் அதே அண்ணன்தான். தடுப்பூசியை எதிர்ப்பவர் பொறுப்பில்லாதவர் என்று என் துறையில் சிலர் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்த வீடுகளில் கடுமையாக எதிர்த்தவர்கள் பெரும்பாலும் அதிகமாகப் பாடுபட்டவர்கள். குழந்தை விஷயத்தில் மாமியார், கிழவர் விஷயத்தில் கூடவே இருக்கும் மகன்.

முதல் சண்டை மஞ்சள் காமாலை ஊசியில் வந்தது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி கட்டாயம் போலத்தான். ரத்தம் உடம்பை விட்டு வெளியே குழாயில் ஓடி, பலர் படுத்தெழும் இடத்தில் சுத்தமாகி உள்ளே வருகிறது. அந்தக் கிருமிக்கு அது வசதியான பாதை. அதனால்தான் ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷினே வைக்கிறார்கள். சாதாரணப் பெரியவர்களுக்குப் போடுவதைப் போல இரண்டு மடங்கு அளவு, 40 மைக்ரோகிராம், நாலு தவணை. முதல் ஊசி போட்டதிலிருந்து ஒன்று, இரண்டு, ஆறு மாதங்களில் மற்றவை.

"ரத்தத்தையே வெளுத்து உள்ளே அனுப்புறாங்க. இதுல மருந்தை வேற ஏத்தணுமா?" என்றார் அண்ணன். ஆனாலும் ஆஸ்பத்திரியில் சொன்னதால் விட்டார். நாலு தவணையும் முடிந்து, எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார்கள். பத்துக்கு மேல் இருக்க வேண்டிய அளவு பத்தைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

அண்ணன் அந்த ரிசல்ட் காகிதத்தை என்னிடம் நீட்டி, "படிச்சு சொல்லு. வேலை செஞ்சுதா செய்யலையா?" என்றார்.

செய்யவில்லை என்பதுதான் பதில், அதையே சொன்னேன். இந்த இடத்தில் மழுப்பினால் அதற்குப் பிறகு சொல்லும் எதுவும் எடுபடாது. சிறுநீரகம் போனவர்களின் உடம்பில் கழிவு தேங்குவதால் எதிர்ப்புச் சக்தியும் சோர்ந்து கிடக்கும், ஊசிக்குப் பதில் சொல்லத் தாமதிக்கும், அதனால்தான் இரட்டை அளவு, அதனால்தான் போட்ட பிறகு அளந்தும் பார்க்கிறார்கள் என்றேன். மோட்டாருக்குக் காயில் கட்டியதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் விவசாயியிடம் கொடுப்பீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அவருடைய தொழிலை வைத்தே அவரை மடக்கினால் அந்த நேரத்துக்கு ஜெயிக்கலாம், ஆனால் அடுத்த வாரம் பேச்சு நின்றுவிடும். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அளவு ஏறியது. அதையும் காகிதமாகத்தான் காட்டினேன். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பயம் ஒன்றுமில்லாததிலிருந்து வருவதில்லை என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, தாய்மார்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது அரசு. அந்த நாட்களில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தாலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் பதிவு எங்கள் பள்ளிகளில் பாதி வகுப்பைக் காலி செய்தது. பின்னோக்கிப் போனால், 1955-இல் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியவர் ராஜாஜி. அதற்கு முந்தின வருஷம் வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர். அவர் சொன்ன காரணங்கள் வேறு. ஆனால் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுப்பதாகக் காட்டவில்லை. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து காப்பதால்தான் பிறந்த சிசுவுக்கு இன்றும் அதைப் போடுகிறோம். இதெல்லாம் தெரிந்தவள், அண்ணன் கேட்கும் கேள்விக்குச் சிரிக்க முடியாது.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தவர்களுக்குக் கொரோனா ஊசி என்று அறிவித்தார்கள். டயாலிசிஸ் செய்பவர்களால் வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாது. ஊரடங்கோ மழையோ, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குள் போய் நாலு மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். தொற்று வந்தால் தாங்காத உடம்பு வேறு. அப்பாவுக்கு முதல் வாரத்திலேயே போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் வேண்டாம் என்றார். தங்கை வீடியோ காலில் வந்து, "இன்னுமா போடலை? நீ நர்ஸா இருந்து என்னதான் பண்றே?" என்று என்னையும் அண்ணனையும் சேர்த்துக் காய்ச்சினாள். தூரத்தில் இருப்பவர்களின் கவலைக்கு ஒரு சத்தம் உண்டு. அதில் பாதி, கூட இருக்க முடியாத குற்ற உணர்ச்சி. இது எனக்குப் புரியும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குப் புரியுமா?

அந்த இழுபறியில்தான் ஏப்ரல் வந்தது. நடிகர் விவேக் 15-ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடியலில் இறந்தார். அன்றைக்கு ஊரில் என் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அண்ணன் கேட்கவே இல்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார், அவ்வளவுதான். விவேக்கின் இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் முடிவு பல மாதம் கழித்துத்தான் வந்தது. ஏப்ரலில் என் கையில் அந்த முடிவு கிடையாது. "அடைப்பு ஒரு நாள்ல வராதுண்ணே. மத்தது விசாரிச்சுச் சொல்லுவாங்க, எனக்கு இப்பத் தெரியாது" என்றேன். கோவிஷீல்டு போட்ட மிகச் சிலருக்கு ரத்தம் உறையும் தொல்லை வந்திருக்கிறது என்பதையும் அவர் வேறெங்காவது கேட்பதற்கு முன் நானே சொன்னேன்.

இந்தச் சண்டைகள் எல்லாம் கூடத்தில் நடந்தன. அப்பாவின் கட்டிலும் கூடத்தில்தான். நாங்கள் குரலை உயர்த்தினால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தலைமாட்டு டிரான்சிஸ்டரைத் திருகுவார். அம்மா அடுப்படியிலிருந்து வர மாட்டாள். படுத்திருப்பவரின் உடம்பைப் பற்றி அவர் காதுபடவே ஏலம் போடுவது போன்ற இந்தக் காட்சியை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கே செய்வதையே இங்கேயும் செய்தேன். "இனிமே இதைப் பத்தி எது பேசுறதா இருந்தாலும் திண்ணையில பேசுவோம்ணே. அவர் முன்னாடி வேணாம்." அண்ணன் மறுக்கவில்லை. தங்கையிடமும் சொன்னேன்: வீடியோ காலில் அப்பாவிடம் பேரப்பிள்ளை கதை மட்டும் பேசு, ஊசிக் கதையை என்னிடம் பேசு.

சண்டை திண்ணைக்குப் போனதும், அதுவரை யாரும் அப்பாவைக் கேட்கவில்லை என்பது எல்லாருக்குமே தெரிந்தது. அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது, கணக்கு மறக்கவில்லை, கையெழுத்துப் போடுவார். முடிவு அவருடையதுதான். சட்டப்படியும் அப்படித்தான், நியாயப்படியும் அப்படித்தான். ஆனால் நோய் முற்றிய பெற்றோரைப் பிள்ளைகள் குழந்தையாக்கி விடுகிறோம். ஒரு டயாலிசிஸ் நாளில் லீவு போட்டுக் கூடப் போனேன். மெஷினில் படுத்து முதல் ஒரு மணி நேரம் அவர் பேச மாட்டார். அதன் பிறகு கொஞ்சம் வாய் திறக்கும். கடைசி மணியில் தசை இழுக்கும், அப்போது பேசக் கூடாது. நடுவில் கேட்டேன்.

"போட்டுக்கிறேன்மா. நாப்பது வருஷம் பஸ்ல நின்னவன், எத்தனை காய்ச்சல் பாத்திருப்பேன். ஆனா அவன்கிட்ட சண்டை போட்டுட்டுப் போடாதே. என்னைத் தூக்குறவன் அவன்."

எனக்கு வேண்டிய வழி இதில் இருந்தது. அண்ணனின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை, ஆனால் அப்பாவுக்குத் தேவைப்பட்டது. மூன்றாம் பேருக்குத் தெரியாமல் ஒரு மதியம் போட்டுவிட்டு வந்திருக்கலாம். சக செவிலியர் ஒருத்தி அப்படித்தான் யோசனை சொன்னாள். அப்படிப் போட்டால் அன்றிரவு ஜுரம் வந்தாலும் அண்ணன்தான் எழுந்து பார்க்க வேண்டும், எதற்கு ஜுரம் என்று தெரியாமல்.

திண்ணையில் அண்ணனிடம் கேட்க ஆரம்பித்தேன். ஊசியைப் பற்றி இல்லை, அப்பாவுக்கு நீங்கள் என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று. கபசுரக் குடிநீர் காலை மாலை ஒரு டம்ளர். அவ்வப்போது இளநீர், தோப்பிலிருந்து தானே ஏறி வெட்டியது. கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிறுநீர் போகாதவருக்கு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குள்தான் தண்ணீர், அதில் குழம்பு, காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. அது ரத்தத்தில் ஏறினால் இதயம் துடிப்பதையே நிறுத்திவிடும். காய்கறியைக்கூட நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கச் சொல்கிறார்கள். அடுத்த டயாலிசிஸுக்குள் எடை மூன்று நாலு கிலோ ஏறிப்போனதற்குக் காரணம் இப்போது தெரிந்தது.

அதை வைத்து அண்ணனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். அவர் கையில் ஒரு நோட்டையும் மில்லி அளவு போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கொடுத்தேன். காலையில் எடை, நாள் முழுக்க உள்ளே போகும் திரவம், இரண்டையும் எழுத வேண்டும். கசாயம் எல்லாருக்கும் நல்லதுதான், அரசே வீடு வீடாகக் கொடுத்தது, ஆனால் அப்பாவுக்கு அது தண்ணீர்க் கணக்கில் வரும், அவருக்குப் பதிலாக நீங்கள் குடியுங்கள் என்றேன். சித்த மருந்து பொய், ஊசி மட்டுமே மெய் என்று பேசும் படித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பேச்சு எந்த வீட்டிலும் ஒரு ஊசியைக் கூட அதிகமாகப் போட வைத்ததில்லை. அண்ணன் நோட்டு வைத்துக்கொண்டார். கோடு போட்டு, பஸ் டிரிப் ஷீட் மாதிரி. அப்பாவே சில நாள் அதை வாங்கிக் கூட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பார். எடை ஏறுவது குறைந்ததும், தான் செய்யும் காரியத்துக்கு ஒரு எண் கிடைத்தது அண்ணனுக்குப் பிடித்துப்போனது.

மே மாதம் ஊசிக்கே தட்டுப்பாடு. ஜூனில் வந்தபோது, "அவர் கேட்டா போட்டுவிடு, நான் குறுக்க நிக்கலை" என்றார். சொந்த அப்பாவுக்கு நான் போடவில்லை, இன்னொரு செவிலியரைப் போடச் சொன்னேன். ஏதாவது ஒன்று ஆகிப்போனால் அது அண்ணன் தங்கை வழக்காக மாறிவிடக் கூடாது. டயாலிசிஸ் நாளில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஏற்றியிருப்பார்கள் என்பதால், அது இல்லாத நாளாகப் பார்த்தோம். இடது கை ஃபிஸ்டுலாவுக்கு, வலது கை ஊசிக்கு. போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்திப் பிடித்திருந்தார் அண்ணன். ராத்திரி லேசாக ஜுரம் வந்தது. பாராசிட்டமாலையும், அதை விழுங்கிய தண்ணீரையும் நோட்டில் எழுதியிருந்தார்.

ஆனால் அண்ணன் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. என் கணக்கில் அதுதான் பெரிய விஷயம். அப்பாவின் உடம்பு ஊசிக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்லும் என்பதை மஞ்சள் காமாலை ஊசியிலேயே பார்த்தாகிவிட்டது. அப்படிப்பட்டவரைக் காப்பது சுற்றியிருப்பவர்கள் தொற்றைக் கொண்டுவராமல் இருப்பதுதான். ஆனால் இதை நான் சொன்னால் தங்கச்சி பாடம் எடுப்பதாக ஆகும். டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒரு சின்னப் பையன். ரத்தத்தைத் தள்ளும் பம்ப் எப்படிச் சுற்றுகிறது என்று அண்ணன் விசாரிக்கப் போய் இருவரும் சிநேகமாகியிருந்தார்கள். அவனிடம்தான் சொல்லி வைத்தேன். அவன் ஒருநாள் போகிற போக்கில் சொன்னானாம்: "அண்ணே, இவருக்குப் போட்ட ஊசி பாதிதான் பிடிக்கும். மீதிப் பாதி நீங்க போட்டாத்தான்."

உடனே நடந்துவிடவில்லை. செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை மெகா முகாம்கள் தொடங்கின. ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு, ஊசி போட்டால் கவுச்சி கூடாது என்று அண்ணன் கெட்டியாக நம்பினார். அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் ஊரே நம்பியது. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது, கறியையும் மதுவையும் நினைத்து மக்கள் தயங்குவதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். ஒரு சனிக்கிழமை அண்ணன், அண்ணி, அம்மா மூன்று பேரும் போய் வந்தார்கள். அண்ணன் போய்வந்ததும் முதல் வேலையாகக் கபசுரக் குடிநீர் போட்டுக் குடித்தார்.

அப்பா அடுத்த வருஷக் கடைசி வரை இருந்தார். டயாலிசிஸில் இருப்பவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது இதயம்தான், அவரையும் அதுவே கொண்டுபோனது. சாவு வீட்டில் ஒரு தூரத்து மாமா, "ஊசி போட்டீங்கல்ல, அதான்" என்றார். அண்ணன் அவரை முறைத்தார், பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று நினைத்தாரா, இல்லை என்று நினைத்தாரா என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தங்கை மட்டும் இன்றும், மார்ச்சிலேயே போட்டிருந்தால் என்று ஆரம்பிப்பாள். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் அப்பாவுக்குத் தொற்று வரவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். அவரோடு அடுத்தடுத்த கட்டிலில் படுத்தெழுந்த சிலருக்கு அது அமையவில்லை.

இப்போது என் பகுதியில் டயாலிசிஸ் போகிறவர் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால், ஊசி அட்டையைக் கேட்பதற்கு முன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார் என்று கேட்கிறேன். அவர் வெளியே போயிருந்தால் வரும்வரை காத்திருக்கிறேன், அல்லது இன்னொரு நாள் வருகிறேன்.

அண்ணன் மாறிவிட்டாரா என்று கேட்பவர்களுக்கு: போன மாதம் அவருடைய பேத்திக்கு ஒன்றரை மாதம் ஆனது. அந்த வயதில் சொட்டு மருந்து போக மூன்று ஊசி, இரண்டு தொடையிலும் ஒன்றொன்று, வலது கையில் ஒன்று. "ஒரே நாள்ல மூணா? பச்ச உடம்புமா. வாரம் ஒண்ணாப் போடேன்" என்று போனில் அரை மணி நேரம் வாதாடினார். வாரத்துக்கு ஒன்றாகப் போட்டால் குழந்தை மூன்று வாரம் அழும், பாதுகாப்பும் அத்தனை வாரம் தள்ளிப்போகும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மருமகள் புதன்கிழமை குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வண்டி ஓட்டிக்கொண்டு அவரும் வருவார், மிச்ச வாதத்தை நேரில் வைத்துக்கொள்வதற்கு.